மூணு கம்பி வளைவு

கொல்லிமலையில் ரமேஷ்குமார் என்று கேட்டால் நாலு பேரைக் காட்டுவார்கள். மரவள்ளிக் கிழங்கு லோடு அடிக்கிற ரமேஷ்குமார் என்றால் இரண்டு பேர் மிஞ்சுவார்கள். பைக் ஓட்டுகிற கிறுக்கர்களுக்கு வழி எழுதிக் கொடுப்பவர் என்று சொன்னால்தான் திருப்புலி நாடு என்கிற மலையூரில் சரியான வீட்டு வாசலில் கொண்டுபோய் விடுவார்கள். விட்டுவிட்டு, வழி எழுதுவது எல்லாம் ஒரு வேலையா என்று போகிற போக்கில் ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டுப் போவார்கள்.

வேலைதான். சேலத்திலிருந்து வருஷா வருஷம் தீபாவளி கழிந்து ஒரு நெடுந்தூர மோட்டார் பைக் ராலி கிளம்புகிறது. பச்சைமலை, கொல்லிமலை, ஏற்காடு என்று மலை மலையாக ஏறி இறங்கித் திரும்பவும் சேலத்துக்கே போய்ச் சேரும். பேரைக் கேட்டதும் பந்தயம் என்று நினைத்துவிடக் கூடாது. இன்ன தூரத்தை இன்ன வேகத்தில்தான் கடக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. முந்தி வந்தாலும் மதிப்பெண் போகும், பிந்தி வந்தாலும் போகும். எந்த வழி என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாது. கிளம்புகிற அன்று காலையில் ஆளுக்கு ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள். வரிக்கு வரி தூரம், ஓர் அம்புக்குறிப் படம், பக்கத்தில் ஒரு குறிப்பு. அதுதான் ரூட் நோட்டு. மலையில் பாதி இடத்தில் ஃபோன் வேலை செய்யாது; வேலை செய்தாலும் எடுக்கக் கூடாது என்பது விதி. நோட்டில் ஒரு வரி பிசகினால் அத்தனை பைக்கும் யாரோ ஒருவருடைய மாட்டுக் கொட்டகை முன்னால் போய் நிற்கும்.

ஒரு தடவை அப்படித்தான் நின்றது. கொட்டகை ரமேஷ்குமாருடையது. அந்த வருஷம் நோட்டு எழுதியவர் யாரோ, இடப்பக்கம் என்பதை வலப்பக்கம் என்று எழுதிவிட்டார். ராலியை நடத்துகிற முருகானந்தம் பின்னாலேயே ஜீப்பில் வந்து தலையில் கை வைத்துக்கொண்டார். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறை வைத்திருந்தவர் அவர். குரலும் பட்டறைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். ரமேஷ்குமார் பால் செம்பைக் கீழே வைத்துவிட்டு, வந்த பையன்களுக்கு வழி சொன்னார். "நேராப் போங்க. காப்பித் தோட்டத்து வேலி முடியற எடத்துல வலப்பக்கம் திரும்போணும். தண்ணி டேங்க் கண்ணுக்குத் தெரிஞ்சுதுன்னா தாண்டிட்டீங்கன்னு அர்த்தம், திரும்பி வந்துருங்க." இந்தக் கடைசி வார்த்தையில்தான் முருகானந்தம் விழுந்தார். போகிற வழியைச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் உண்டு. வழி தப்பினால் கண்ணில் என்ன படும் என்று சேர்த்துச் சொல்கிறவனை அவர் அதுவரை பார்த்ததில்லை.

மறு வருஷத்திலிருந்து கொல்லிமலைப் பகுதி நோட்டு ரமேஷ்குமாருடையது. தூரம் அளக்கிற கருவி ஒன்றை முருகானந்தம் ரமேஷ்குமாரின் பைக்கில் பொருத்திக் கொடுத்தார். கூடவே ஒரு விதியையும் கொடுத்தார். நோட்டு எழுதுகிறவன் ரோட்டைத் தொடக் கூடாது. ரோட்டில் கல் கிடந்தால் கல் என்று எழுது. கல்லை எடுத்துப் போடாதே. நீ எடுத்த கல்லை நாளைக்கு எவனாவது வேறு இடத்தில் போடுவான்.

எழுதுவது ரமேஷ்குமார் என்றாலும், கையெழுத்து அவருடையது அல்ல. அவர் ஓட்டுவார், பின்னால் உட்கார்ந்து பழனாயி எழுதுவாள். "ரெண்டு புள்ளி நாலு. இடது. பலா மரம்" என்று அவர் காற்றில் கத்த, அவள் மடியில் பலகையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி எழுதுவாள். கல்யாணமான நாளிலிருந்து பழனாயி புருஷனோடு ஊர் சுற்றியது என்றால் இதுதான். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பூச்சூடிக்கொண்டுதான் வண்டியில் ஏறுவாள். புளிச்சோற்றை எந்தப் பாறையில் உட்கார்ந்து சாப்பிடுவது என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒத்துவராது.

நோட்டில் அபாயத்துக்கு ஆச்சரியக்குறி போடுவது வழக்கம். பழனாயிக்கு அந்தப் பேர் எல்லாம் வாயில் நுழையவில்லை. பார்த்தால் கம்பி மாதிரி இருக்கிறதே என்று கம்பி என்றே வைத்துவிட்டாள். ஒத்தைக் கம்பி என்றால் கவனம். ரெட்டைக் கம்பி என்றால் பிரேக்கில் கால் இருக்கட்டும். மூணு கம்பி என்றால் கிட்டத்தட்ட நின்று போ. ரமேஷ்குமார் கம்பி போடுவதில் மகா கஞ்சர். மலை முழுவதற்கும் மூணு கம்பி விரல் விட்டு எண்ணுகிற அளவுதான் வரும். ராலிக்கு வருகிற பையன்களிடையே ஒரு பேச்சு உண்டு: அண்ணன் மூணு கம்பி போட்டிருந்தால் வண்டியை நிறுத்தி ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போ. அந்தக் கம்பியை நம்பித்தான் அவர்கள் மற்ற இடத்தில் தைரியமாக ஓட்டினார்கள்.

இப்படிப் பேர் வாங்கிய மனிதரின் கைக்கு, போன வருஷம் திடீரென்று கம்பி தாராளமாக வர ஆரம்பித்தது. காரணம் ராதிகா.

ராதிகா அவர்களுடைய ஒரே மகள். ராசிபுரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. தினமும் முள்ளுக்குறிச்சி வழியாக பைக்கிலேயே இறங்கி, பைக்கிலேயே ஏறுவாள். அவள் ஓட்டுவதில் ரமேஷ்குமாருக்கு ஒரு குறையும் இல்லை. தெரிந்த ரோடு, தெரிந்த வண்டி. ஆனால் ஐப்பசியில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ராலிக்குப் பேர் கொடுத்துவிட்டேன் என்று சர்வசாதாரணமாகச் சொன்னாள். ஏற்கெனவே மூன்று வருஷமாகப் பேர் கொடுக்க நினைத்து, அப்பா என்ன சொல்வாரோ என்று விட்டுவிட்டதாகவும் சொன்னாள். ரமேஷ்குமாருக்குச் சோறு இறங்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. ஊரான் வீட்டுப் பிள்ளைகளுக்கு எல்லாம் வழி எழுதிக் கொடுத்துவிட்டுத் தன் பிள்ளையை மட்டும் போகாதே என்று எப்படிச் சொல்வது? நல்லது கண்ணு என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

முருகானந்தத்திடம் இந்த வருஷம் வேறு யாரையாவது எழுதச் சொல்லுங்கள் என்று கேட்டும் பார்த்தார். அவர் கேட்கவில்லை. உன் மகளாக இருந்தால் என்ன, நோட்டை அவள் கண்ணில் காட்டாதே, ரோட்டைப் பற்றி அவளிடம் வாய் திறக்காதே, அவ்வளவுதான் என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் ரோடு என்ற பேச்சே எழவில்லை. மிளகு பேசினார்கள், மழை பேசினார்கள், பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டதைப் பேசினார்கள். ராதிகா மட்டும் அவ்வப்போது, பாறையில் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டீர்கள் என்று அம்மாவிடம் சும்மா கேட்பது போலக் கேட்பாள். பழனாயி சிரித்துக்கொண்டே அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிடுவாள்.

ரமேஷ்குமார் சும்மா பயப்படுகிறவர் அல்ல. இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்னால் பெரக்கரை நாட்டுப் பக்கம் ஒரு வளைவில் ஈரோட்டுப் பையன் ஒருவன் விழுந்தான். அங்கே அறுப்பு முடிந்ததும் சாமைத் தாளைக் கதிரோடு தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்துக் கொடுத்துவிடும். களத்து வேலை மிச்சம். நாலு சக்கரத்துக்கு அது மெத்தை. இரண்டு சக்கரத்துக்கு எண்ணெய் கொட்டிய தரை. விழுந்த பையனைக் கிழங்கு லோடு இறக்கிய வண்டியில் படுக்கவைத்து ராசிபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது ரமேஷ்குமார்தான். தோள் எலும்பு முறிந்து அவன் வழி முழுக்க அம்மா அம்மா என்று முனகிக்கொண்டு வந்தான். அந்தக் குரல் இப்போது ராதிகாவின் குரலில் அவருக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்த வருஷம் வழி எழுதக் கிளம்பியபோது மலையே அவருக்கு வேறு மாதிரித் தெரிந்தது. முப்பது வருஷம் லோடு அடித்த ரோடு. கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவார். அதில் எல்லா வளைவிலும் மூணு கம்பி என்றார். மரவேர் ரோட்டில் லேசாகத் தலைகாட்டினால் மூணு கம்பி. பள்ளிக்கூடச் சுவர், மூணு கம்பி. ஆடு ஒன்று ஓரமாக நின்று இலை தின்றுகொண்டிருந்தது. அதற்கும் மூணு கம்பி. பழனாயி எழுதிக்கொண்டே வந்தாள். ஆட்டுக்கு எழுதியபோதே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இருந்தாலும் வாயைத் திறக்கவில்லை.

நேரான ஒரு ரோட்டில் அவர் மூணு கம்பி என்றபோது அவள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள். எழுதினாயா என்று கேட்டார். அவள் பலகையைக் கவிழ்த்து வைத்தாள். வண்டியை ஓரம் கட்டினார்.

"ஏனுங்க, நீங்க ரோட்டுக்கு எழுதறீங்களா, உங்க மகளுக்கு எழுதறீங்களா?"

"இங்க பனி எறங்குனா ஒண்ணும் தெரியாது பழனாயி."

"பனி எல்லா எடத்துலயும்தான் எறங்கும். எல்லாத்துக்கும் மூணு கம்பின்னா அந்தப் பசங்க எதைன்னு நம்புவாங்க? பாதி மலை வர்றதுக்குள்ள இந்தாளுக்கு வேற வேலை இல்லீன்னு ஓட்டிட்டுப் போயிருவாங்க. நெசமா எங்க வழுக்குமோ அங்க போயி விழுவாங்க."

அவள் பலகையிலிருந்து அதுவரை எழுதிய தாள்களை உருவி நாலாகக் கிழித்து, சோற்று மூட்டைக்குள் திணித்தாள். "எனக்கும் பயந்தானுங்க" என்றாள். "பெத்தது நானு." பிறகு புதுத் தாளைப் பலகையில் செருகி, முதலிலிருந்து போகலாம் என்றாள். அவர் வண்டியைத் திருப்பினார். அன்று எந்தப் பாறையில் உட்காருவது என்று இருவரும் சண்டை போடவில்லை. அவள் காட்டிய இடத்தில் உட்கார்ந்தார், கொடுத்ததைத் தின்றார்.

இரண்டாம் தடவை எழுதிய நோட்டு பழைய ரமேஷ்குமாரின் நோட்டு. ரோட்டில் இருந்தது இருந்தபடி. கம்பி வேண்டிய இடத்தில் மட்டும். பெரக்கரை நாட்டு வளைவுக்கு மூணு கம்பி போட்டு, 'சாமைத் தாள் காயும், வழுக்கும்' என்று பழனாயி அழகாக எழுதினாள். அதற்கு அடுத்த வளைவு அகலமான, சாதுவான வளைவு. அதற்கு ஒன்றும் போடவில்லை. முருகானந்தம் படித்துப் பார்த்துவிட்டு, பிரமாதம் என்று ஃபோனில் கத்தினார். நோட்டு அச்சுக்குப் போனது.

அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. அச்சான பிறகு அந்த மூணு கம்பி அவரைத் தூங்கவிடவில்லை. எழுதியாயிற்று, சரி. எழுதியதால் வழுக்காமல் இருக்குமா? ராலிக்கு முந்தின நாள், பழனாயி மிளகுக் கொடிக்குப் போன நேரம் பார்த்து, வண்டியை எடுத்துக்கொண்டு பெரக்கரை நாட்டுக்குப் போனார். அந்த வளைவில் தாள் பரப்புவது அத்தாயி. அவளுக்குப் பழனாயி தூரத்து உறவு. ராதிகாவுக்குப் பெரியம்மா முறை. போய் நின்று, கால் மாற்றிக் கால் மாற்றி, கடைசியில் கேட்டேவிட்டார். நாளைக்கு மட்டும் இந்த வளைவில் சாமையைக் காயப்போட வேண்டாம் அக்கா, ராதிகா வண்டியில் வருகிறாள் என்றார்.

அத்தாயிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ராதிகா வருகிற ரோட்டில் நான் தாளைப் பரப்புவேனா, எனக்கு இது தெரியாமல் போயிற்றே என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு படி சாமையும் கட்டிக் கொடுத்து அனுப்பினாள். ரமேஷ்குமார் மனசு லேசாகி வீடு வந்தார். முருகானந்தம் சொன்ன விதி அவருக்கு நினைவுக்கு வராமல் இல்லை. ஒரு நாளைக்குத்தானே என்று அதை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

ராலி அன்று காலை மலை முழுக்கப் பனி. செம்மேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு நேரச் சாவடியில் ரமேஷ்குமாருக்கு வேலை. வருகிற ஒவ்வொருவரின் அட்டையிலும் வந்த நேரத்தை எழுதி முத்திரை குத்த வேண்டும். கூட சேலத்துப் பெண் யமுனா கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தாள். ராலி நடத்துகிற சங்கத்தில் நேரக் கணக்கு பார்ப்பது அவள்தான். நிமிஷத்துக்கு ஒரு வண்டி, எண் வரிசைப்படி; முப்பது வண்டிக்கு ஒரு தடவை கால் மணி நேரம் இடைவெளி. ராதிகாவின் எண் முப்பத்தொன்று. முதலில் வந்தவர்கள் பனியில் நனைந்து, உற்சாகமாக வந்தார்கள். நோட்டு அருமை அண்ணே என்றார்கள். இருபதைத் தாண்டும்போது பனி கலைந்தது. கார்த்திகை மாதத்தில் அப்படி ஒரு வெயில் அபூர்வம். இலை எல்லாம் பளபளவென்று மின்னியது. ரமேஷ்குமார் வெயிலைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார், நல்ல வேளை, பிள்ளைக்கு வழி தெரியும் என்று.

இருபத்தொன்பது வந்தது. முப்பது வந்தது. இடைவெளி நேரமும் கழிந்தது. அப்புறமும் ரோடு காலியாகக் கிடந்தது.

யமுனா கடிகாரத்தைப் பார்த்தாள். ரமேஷ்குமார் பார்க்கவில்லை, பார்க்கப் பயமாக இருந்தது. முத்திரைக் கட்டையை மையில் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார். தூரத்தில் வண்டிச் சத்தம் கேட்டதும் எழுந்து நின்றார். வந்தது முப்பத்திரண்டு. அந்தப் பையன் அட்டையை நீட்டிவிட்டு, மூச்சு வாங்க, முப்பத்தொன்றுக்கு நின்ற நேரத்தைக் கழித்து எழுதுங்கள் என்றான். ரமேஷ்குமாருக்குக் காது அடைத்துவிட்டது. யமுனாதான் என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

"பெரக்கரை நாட்டுல அந்தப் பொண்ணு நடு ரோட்டுல நிக்குதுங்க. ஹெல்மெட்டைக் கழட்டிக் கையில வெச்சு ஆட்டிக்கிட்டு, வர்றவங்களை எல்லாம் நிறுத்துது. ரோடு பூரா தாளு. மூணு கம்பி போட்ட வளைவுல இல்லீங்க, அதுக்கு அடுத்த வளைவுல."

ரமேஷ்குமாருக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான். அந்த வளைவில் போடாதே என்று அவர் கேட்டார். அத்தாயி அந்த வளைவில் போடவில்லை. இத்தனை நாள் பனிக்குப் பிறகு இப்படி ஒரு வெயில் அடிக்கும்போது சாமையை வீட்டுக்குள் போட்டுப் பூட்டி வைக்க எந்த மலைக்காரிக்கு மனசு வரும்? பாவம், வண்டி வராத அந்தக் கால் மணி நேரத்தில், ராதிகாவுக்காகத் தாள் முழுவதையும் தலையில் சுமந்து அடுத்த வளைவுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். அகலமான, சாதுவான, ஒரு கம்பிகூட இல்லாத வளைவுக்கு.

நோட்டில் தப்பு இருக்கிறது, அது என்னுடைய தப்பு, முருகானந்தம் ஐயாவுக்கு ஃபோன் போட்டு அப்படியே சொல்லுங்கள் என்று யமுனாவிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். ரோட்டை நான் தொட்டேன், ரோட்டை நான் தொட்டேன் என்று வழி முழுக்கத் தனக்குள் சொல்லிக்கொண்டே போனார்.

வளைவில் ராதிகா நின்றிருந்தாள். கிழிசல் இல்லை, சிராய்ப்பு இல்லை. அவளுடைய வண்டி ஓரமாக நின்றது. ஒரு பையன் தாளின் விளிம்பில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். அடுத்தவன் முறைக்காகக் காத்து நின்றான். அத்தாயி கவைக் குச்சியால் தாளை வாரி வாரி ஓரம் தள்ளியபடி, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள். மகள் முழுசாக நிற்பதைப் பார்த்த பிறகுதான் ரமேஷ்குமாருக்கு மூச்சே வந்தது. வண்டியை நிறுத்தி இறங்கினார்.

"கண்ணு, நாந்தான் பெரியம்மா கிட்ட..."

"தெரியுங்கப்பா."

"அதுக்குள்ள சொல்லிருச்சா?"

"பெரியம்மாவைப் பார்க்கறதுக்கு முன்னாடியே தெரியும். மூணு கம்பி போட்டிருக்குது, தாளு வழுக்கும்னு எழுதியிருக்குது, வந்து பார்த்தா ரோடு கழுவி உட்ட மாதிரி இருக்குது. நீங்க சும்மா மூணு கம்பி போட மாட்டீங்க. வெயில் வேற அடிக்குது. சாமை இங்க இல்லீன்னா பக்கத்துல எங்கயோ காயுதுன்னு அர்த்தம். நீங்க போயிச் சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன். மெதுவாத்தான் வந்தேன்."

ரமேஷ்குமாருக்குச் சோற்று மூட்டைக்குள் போன அந்தக் கிழிந்த தாள்கள் கண்முன்னால் வந்தன. ஆட்டுக்கும் சுவருக்கும் மூணு கம்பி போட்ட நோட்டு இவள் கையில் இருந்திருந்தால், இந்தக் கம்பியையும் அதோடு அதாகத்தான் நினைத்திருப்பாள். காலியான வளைவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அடுத்த வளைவுக்கு அதே வேகத்தில் வந்திருப்பாள். அவருக்கு வாய் விட்டு அழத் தோன்றியது. நடு ரோட்டில், ராலிப் பையன்கள் பார்க்க, எப்படி அழுவது?

"உட்டுட்டுப் போயிருக்கலாமல்ல சாமி? நீ தப்பிச்சுட்ட."

"பின்னாடி வர்றவங்களும் உங்க நோட்டைத்தானுங்கப்பா நம்பி வர்றாங்க."

சொல்லிவிட்டு அவள் ஹெல்மெட்டைக் கை மாற்றிக்கொண்டாள். அப்போதுதான் அவர் மகளின் முகத்தைச் சரியாகப் பார்த்தார். அதில் பயம் இல்லை, கோபமும் இல்லை. ஏமாற்றம் இருந்தது. இந்த வளைவு வரைக்கும் ஒரு நொடிகூடப் பிசகாமல் வந்தேன் என்றாள். எல்லாச் சாவடியிலும் சரியான நேரம் என்றாள். சின்ன வயதில் பரீட்சைத் தாளைக் கொண்டுவந்து காட்டுவாளே, அந்த மாதிரி அட்டையை எடுத்து நீட்டினாள். மூன்று வருஷம் பயந்து, கடைசியில் பேர் கொடுத்து, ஒரு நொடி பிசகாமல் ஓட்டிக்கொண்டு வந்தவளை நடு ரோட்டில் நிறுத்தியது அவருடைய பாசம்தான். மன்னிச்சுக்க கண்ணு என்றார். மகளிடம் அந்தச் சொல்லை அவர் அதற்கு முன் சொன்னதில்லை. சொல்ல அப்படி ஒன்றும் கஷ்டமாக இல்லை.

அவள் எட்டி, அவர் தோளில் பறந்து வந்து ஒட்டியிருந்த சாமைத் தாளைத் தட்டிவிட்டாள்.

பின்னால் இன்னொரு வண்டிச் சத்தம் கேட்டது. ராதிகா ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு ரோட்டின் நடுவுக்கு ஓடப் பார்த்தாள். ரமேஷ்குமார் அவளைத் தாண்டிப் போய் நின்றார். தலைத் துண்டை அவிழ்த்து உயரத் தூக்கி ஆட்டினார். வந்த வண்டி முனகிக்கொண்டே நின்றது.

"நீ கெளம்பு. இங்க நான் நிக்கறேன்."

"இனிமேப் போயி என்ன ஆகப் போகுதுங்கப்பா?"

"நேரத்தை யமுனா பார்த்துக்கும், எனக்குத் தெரியாது. மிச்ச மலை அப்படியேதான் இருக்குது. போ சாமி, கெளம்பு."

அவள் அட்டையை உறைக்குள் செருகினாள். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வண்டியைத் தாள் முடிகிற இடம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனாள். அத்தாயி கவைக் குச்சியைப் போட்டுவிட்டுப் பின்னாலிருந்து ஒரு கை கொடுத்தாள். ஏறி உட்கார்ந்து கிளப்பியவள், டேங்கின் மேல் செருகியிருந்த நோட்டில் கை வைத்துக்கொண்டு திரும்பி அவரைப் பார்த்தாள். கண்ணாடிக்குள் அவள் கண் சிரிப்பது தெரிந்தது.

"அடுத்த வளைவு எப்படீங்கப்பா இருக்கும்?"

ஒரு மாதமாக அந்தக் கேள்விக்கான பதில் அவர் தொண்டையிலேயே உட்கார்ந்திருந்தது. அடுத்தது மட்டும் அல்ல, அதற்கடுத்தது, இறக்கம், பாலம், அடிவாரத்துக் காரவள்ளி போய்ச் சேருகிற வரைக்கும் மனப்பாடமாக ஒப்பிக்க முடியும். கேட்பதும் அவள்தான், சுற்றிலும் தடுக்கிறவர் யாரும் இல்லை. வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடி, துண்டைக் கையில் சுற்றிக்கொண்டார்.

"நோட்டுல இருக்குது கண்ணு, பாரு" என்றார்.

அவள் குனிந்து பார்த்தாள். அந்த வரியில் தூரமும், இடப்பக்கம் வளைந்த ஓர் அம்பும்தான் இருந்தன. கம்பி ஒன்றும் இல்லை. நிமிர்ந்து, தலையை ஆட்டிவிட்டு, வண்டியை முறுக்கினாள். ரமேஷ்குமார் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார். வேகத்தைக் கொஞ்சமும் குறைக்காமல் அவள் அந்த வளைவுக்குள் போனாள்.